பீரோவில் பூட்டிய மருந்து

தர்மராஜுக்கு இருபத்தோரு வருஷம் ஒரே வேலை. பள்ளிப் பிள்ளைகளின் சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பி நிறுத்தி, முதுகில் வெளுத்த தேமல் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லுவார். பேனா மூடியால் அங்கே தொடுவார். எங்கே தொட்டேன், விரலால் காட்டு என்பார். காட்டத் தெரியாத பிள்ளைக்கு ஓர் அட்டை எழுதுவார். அட்டையில் எண் மட்டும் இருக்கும். எண்ணுக்கு உரிய பெயர் அவருடைய தோள்பையில் உள்ள நோட்டில் இருக்கும். நோட்டு அவரை விட்டு எங்கும் போகாது.

1976இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொழுநோய் ஆய்வாளராகச் சேர்ந்தவர். எண் மட்டும் எழுதுவது மேலிடத்து உத்தரவு இல்லை. அவராகப் பிடித்துக்கொண்ட வழக்கம். 1979இல் கூடுவாஞ்சேரிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒரு பையனின் பெயரை ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மறுநாள் மருந்தோடு போனபோது பையன் உட்கார்ந்த பலகை வேலியோரம் கிடந்தது. பையன் இல்லை. வீடும் பூட்டிக் கிடந்தது. அதற்குப் பிறகு யார் பெயரையும் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. மருந்து வீட்டில் இருந்தால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்று பயந்த குடும்பங்களுக்காக, தலைமையாசிரியரின் பீரோவில் அதைப் பூட்டி வைப்பார். மாதம் ஒருமுறை தானே போய்க் கண்ணெதிரே விழுங்க வைப்பார். அப்படிப் பல பிள்ளைகள் குணமானார்கள். யார் யார் என்று ஊருக்குத் தெரியாது. அதில்தான் அவருக்குப் பெருமை.

1997இல் தொழுநோய்ப் பிரிவைப் பொது சுகாதாரத்தோடு சேர்த்தார்கள். ஒரு காகிதம் வந்தது. தொழுநோய் ஆய்வாளராகக் காலையில் புறப்பட்டவர் சுகாதார ஆய்வாளராக மாலையில் வீடு திரும்பினார். புதுப்பட்டினம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள். வீடு இருந்த கூடுவாஞ்சேரியில் ரயில் பிடித்துச் செங்கல்பட்டு. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். கிணற்றில் குளோரின் போட வேண்டும். தொட்டியில் கொசுப்புழு பார்க்க வேண்டும். எதுவும் சட்டென்று கைவரவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் மட்டும் கால் தானாக நடக்கும்.

2000ஆம் ஆண்டு செங்கல்பட்டில் இரண்டு நாள் பயிற்சி. பள்ளிகளில் ஆஸ்துமாவைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று. தர்மராஜ் முன்வரிசையில் உட்கார்ந்து வரிக்கு வரி எழுதிக்கொண்டார். மூச்சுக்குழல் சுருங்குகிறது. நெஞ்சில் விசில் சத்தம் வரும். படுக்க வைக்காதே, உட்கார வை. உறிஞ்சும் மருந்தைக் குலுக்கு. தண்ணீர் பாட்டிலின் அடியில் துளை போட்டு மருந்தை அதில் செருகு, பாட்டில் வாயைப் பிள்ளையின் வாயில் வை. ஒருமுறை அழுத்து, ஆறு மூச்சு. இப்படி நாலு முறை. குறையவில்லை என்றால் வண்டி பிடி. எல்லாம் எழுதினார். ஒன்றை எழுதவில்லை. மருந்து எங்கே இருக்க வேண்டும் என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அது அவருக்கு முன்பே தெரிந்த விஷயம்.

அவர் முதலில் போனது புதுப்பட்டினத்துக்கு வடக்கே ஓர் உயர்நிலைப் பள்ளி. மீனவர் குடியிருப்புப் பிள்ளைகளும் உள்ளூர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் படிப்பது. தலைமையாசிரியர் ஆபிரகாம் ஆசிரியர்களை ஒரு வகுப்பறையில் கூட்டினார். தர்மராஜ் சாக்பீஸ் தூசியைப் பற்றிச் சொன்னதும் தமிழாசிரியர் எழுந்தார்.

"தூசி ஆவாதுன்னா நாங்க பாடமே நடத்த வேணாங்கறீங்க. அத எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார், போர்டுலயே ஒட்டிவெச்சிக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். தர்மராஜும் சிரித்தார். பிறகு சத்துணவுக் கூடத்தின் சவுக்கு விறகுப் புகை எட்டாம் வகுப்புக்குள் வருவதைக் காட்டினார். அடுப்பைத் தள்ளிப் போட முடியாது என்றார்கள். அதோடு அது முடிந்தது.

பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனியே அழைத்து விசாரித்ததில் நாலு பேர் தேறினார்கள். மூன்றாவது எண் பிரபா. அப்போது ஏழாம் வகுப்பு. அம்மா காசியம்மாள் மீன் கூடை சுமந்து புதுப்பட்டினம் கடைத்தெருவில் விற்பவள். சுகாதார நிலைய மருத்துவர் பார்த்து, நாலு பேருக்கும் உறிஞ்சும் மருந்து எழுதி, ஆளுக்கு ஒன்றை வரவழைத்தும் கொடுத்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத சார்" என்றாள் காசியம்மாள். "நாளைக்கி பொண்ணு பாக்க வர்றவன் ஈளைக்காரின்னு திரும்பிப் பூடுவான்."

"எம்மா, இத்தினி வருஷமா அதான் என் வேலையே" என்றார் தர்மராஜ். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. புது வேலையில் முதல் தடவையாகத் தனக்குத் தெரிந்த ஒன்று வந்திருக்கிறது.

மருந்தைப் பிள்ளையிடம் கொடுக்கலாமா என்று ஆபிரகாமிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"கையில குடுத்தா கொசு மருந்து மாதிரி அடிச்சி விளையாடுவானுங்க சார். ஏதாவது ஆச்சின்னா நான் பதில் சொல்லணும்."

"பீரோவுல வெச்சிடலாம் சார்."

"அதான் சரி."

நாலு மருந்துக்கும் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதினார். பெயர் இல்லை. மேல்தட்டில் வைத்துப் பூட்டினார்கள். சாவி ஆபிரகாமின் கொத்தில். அவர் பள்ளி வளாகத்திலேயே குடியிருப்பவர். விடுப்பு எடுப்பவரே இல்லை. பிரபாவைக் கூப்பிட்டு, வேண்டும்போது இங்கே வந்து சாரிடம் சொல், வேறு யாரிடமும் சொல்லாதே என்றார் தர்மராஜ். அவள் தலையாட்டினாள். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. ஏழெட்டு முறை வந்தாள், உறிஞ்சினாள், போனாள். யாருக்கும் தெரியாது. தர்மராஜ் இந்த முறையைத் தன் பொறுப்பில் இருந்த மற்ற ஐந்து பள்ளிகளிலும் சொல்லிக்கொடுத்தார்.

2002 ஜனவரியில், குடியரசு தின அணிவகுப்புக்குப் பயிற்சி நடந்த நாள், ஆபிரகாம் செங்கல்பட்டில் கூட்டத்துக்குப் போயிருந்தார். சாவிக்கொத்தைப் பள்ளி உதவியாளர் சின்னையனிடம் கொடுத்திருந்தார். சின்னையன் அதை இடுப்பில் செருகியிருந்தார்.

பதினொரு மணிக்குப் பிரபாவுக்கு இளைப்பு வந்தது. வரிசையை விட்டு விலகி, யாரிடமும் சொல்லாமல், நேரே ஆபீசுக்கு நடந்திருக்கிறாள். சொன்னபடி. வாசல் வரை வந்துவிட்டாள். நாற்காலியில் ஆபிரகாம் இல்லை. சின்னையன் இருந்தார். பேச மூச்சு இல்லை. அவர் இடுப்பில் இருந்த கொத்தை நோக்கிக் கை நீட்டினாள்.

சின்னையனுக்குக் கணப்பொழுதில் விளங்கிவிட்டது. பிள்ளைக்கு வலிப்பு, இரும்பைப் பிடிக்கப் பார்க்கிறது. கொத்தை உருவி அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, மேலே தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஓடிவந்த ஆசிரியர்களிடம், "வலிப்பு சார், வலிப்பு. படுக்க வையுங்க" என்றார். படுக்க வைத்தார்கள். அவள் கொத்தோடு கையைப் பீரோ பக்கம் தூக்கினாள். "பாரு, கை இழுக்குது, வுடாத புடி" என்று இன்னொருவர் கையையும் பிடித்தார். ஒருவர் சோடா வாங்க ஓடினார். பிள்ளைகளை எல்லாம் விரட்டினார்கள். அவள் விடாமல் கையைத் தூக்கினாள். அவர்கள் விடாமல் இறக்கினார்கள். பீரோ எட்டடி தூரத்தில் இருந்தது.

மீன் ஏற்றும் வண்டி ஒன்றில் போட்டுச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் கிணற்றுக்குப் போடும் பவுடரை அளந்துகொண்டிருந்த தர்மராஜ் நிமிர்ந்து பார்த்தார். நகம் நீலம். நெஞ்சில் சத்தமே இல்லை. விசில் இல்லாததால், ஒரு நொடி, இது அதுவாக இருக்காது என்றுகூட நினைத்துவிட்டார். மருத்துவர் காதில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு ஆக்சிஜனுக்குக் கத்தினார். ஊசி போட்டார். இருபது நிமிஷம் கழித்து விசில் கேட்கத் தொடங்கியது.

"சத்தம் வந்துடுச்சு. நல்லது" என்றார் மருத்துவர்.

தர்மராஜுக்கு அது பிடிபடவில்லை. சத்தம் வந்தால் ஆபத்து என்றுதானே அவர் ஆறு பள்ளிகளில் சொல்லியிருக்கிறார். காற்றே போகாதபோது சத்தம் எப்படி வரும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். அது நோட்டில் இல்லை.

சின்னையன் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தார். "சாவிய குட்த்துடு கண்ணு. எச்செம்மு வந்தா என்னிய வூட்டுக்கு அனுப்பிடுவாரு."

பிரபா அப்போதும் கையை மூடியே வைத்திருந்தாள். மெல்ல விரித்தாள். உள்ளங்கையில் சாவியின் தடம் பதிந்திருந்தது.

"பீரோ சாவி அதுலதான் கீது அண்ணே" என்றாள். "காட்டிக்கினே இருந்தேன்."

"இன்னா பீரோ?" என்றார் சின்னையன்.

அவர் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். பீரோவில் மருந்து இருப்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவர் தர்மராஜைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் காசியம்மாள் மீன் கூடையோடு வந்தாள். மகளைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்து தர்மராஜின் முன்னால் நின்றாள்.

"சொல்லாதன்னு நான் சொன்னா, நீ சொல்லாமயே இருந்துடுவியா? படிச்சவன்தான நீ?"

"நீதானேம்மா..."

"நான் கூட தூக்கறவ. எனக்கு இன்னா தெரியும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. ஆனா எம்பொண்ணு சாவக்கூடாது. அவ்ளோதான்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தர்மராஜ் அந்த வாரம் முழுவதும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். எங்கே தப்பு என்று தேடினார். பயிற்சியில் சொன்னது சரி. மருத்துவர் எழுதிய மருந்து சரி. வாக்குக் கொடுத்தார், காப்பாற்றினார். தான் பூட்டச் சொன்ன இடத்தில் ஆபிரகாம் பூட்டினார். பிள்ளை போகச் சொன்ன இடத்துக்குப் போனது. சின்னையன்கூடத் தன் அறிவுக்கு எட்டிய நல்லதைத்தான் செய்தார். ஒருவர்கூடத் தப்பு செய்யவில்லை. பிள்ளையின் நகம் மட்டும் நீலமாகிவிட்டது. ரயிலில் தான் இறங்க வேண்டிய கூடுவாஞ்சேரியைத் தாண்டி இரண்டு ஸ்டேஷன் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னார். பெயர் சொல்லாமல், மூன்றாவது எண் என்று. மகள் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் கருவிப் பொறியாளர். ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டாள்.

"உங்க பழைய நோய்க்கு மருந்து மாசத்துக்கு ஒரு தடவைப்பா. பூட்டி வெச்சா நஷ்டமில்ல. இது நிமிஷக் கணக்கு. ஒவ்வொரு பாகமும் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. கோத்த விதம் தப்பு. பூட்ட எடுத்துடுங்க, சரியாயிடும்."

"அது புரியுதும்மா. பேரு?"

"பேருக்கு என்னப்பா?"

"பையில வெச்சிருந்தாலும், மயங்கிட்டா பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரியணுமில்ல. தெரியணும்னா பேரச் சொல்லணும். சொன்னா பலகையத் தூக்கி வெளிய போட்டுடுவான். சொல்லலன்னா புள்ள போயிடும். இதுக்கு உன் படத்துல எங்க வழி இருக்கு?"

மகள் எந்தப் பலகை என்று கேட்டாள். அவர் சொல்லவில்லை.

அந்தத் தாளை அவர் மடித்து நோட்டின் கடைசியில் வைத்திருந்தார். வருஷங்கள் கழித்து அவர் இறந்த பிறகு, பையைப் பிரித்தபோதுதான் மகள் அதை மறுபடி பார்த்தாள். கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால் ஒரு கேள்விக்குறி. பலமுறை அதன்மேலேயே எழுதி அழுத்தியிருந்தார்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை, தர்மராஜ் பள்ளிக்குப் போனார். ஆபிரகாம் எழுந்து நின்று வரவேற்றார், உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க சொன்ன மாதிரிதானே சார் வெச்சேன்?"

"ஆமா சார்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா சார்."

"அப்ப இப்ப என்ன செய்யணும்?"

"தெரியல சார்" என்றார் தர்மராஜ். "எட்டாங்கிளாசுக்கு ஒரு பீரியடு குடுங்க. யாருக்குன்னு சொல்லாம, வந்தா என்ன செய்யணும்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்."

வகுப்பில் நாற்பத்துமூன்று பேர். பிரபா கடைசிக்கு முந்தின வரிசை. பாட்டிலைக் காட்டினார். உட்கார வைக்க வேண்டும் என்றார். சத்தம் நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, அதுதான் மோசம் என்றார். பிரபா இருந்த பக்கமே கண்ணைத் திருப்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்த மாதிரி யாருக்காவது, எங்கயாவது வந்தா, என்ன செய்வீங்க?"

நாற்பத்திரண்டு தலைகளும் ஒன்றாகப் பிரபா பக்கம் திரும்பின.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த தனகோடி என்று ஒரு பெண், வாயாடி, எழுந்தாள். "சார், நம்ம விசிலத்தான சொல்றீங்க?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிரபா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

தர்மராஜ் ஜன்னலிலிருந்து திரும்பினார். "உங்களுக்கு... எத்தினி நாளா தெரியும்?"

"அஞ்சாவதுலேர்ந்து சார். மழ வந்தாக்கா இவளுக்கு அடிக்கும். நாங்கதான் பைய தூக்கிக்கினு வருவோம்."

"அன்னிக்கி ஏன் யாரும் சொல்லல? வலிப்பு இல்லன்னு?"

"யாரு சார் கேட்டாங்க? எங்களத் தொரத்தி வுட்டாங்க. மருந்து கீதுன்னே தெரியாது. இவ சொல்லவே இல்ல." தனகோடி பிரபாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "நீங்கதான் சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்களாமே சார்."

அவர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றார். அப்படியானால் இத்தனை நாள் யாரிடமிருந்து மறைத்தார்? அவளைக் காப்பாற்ற வேண்டியவர்களிடமிருந்தா? நோயைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் அவளோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், பையைத் தூக்குகிறார்கள், கேலிப் பெயரும் வைத்திருக்கிறார்கள். மருந்தைத் தெரியாதவர்களும் அவர்களேதான். ஊருக்கு ஊர், நோய்க்கு நோய் இது மாறுமா? அல்லது முன்பும் இப்படித்தானா, அவருக்குத்தான் தெரியவில்லையா? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மணி அடித்தது.

மருந்து இனிப் பிள்ளைகளின் பையிலேயே இருக்கட்டும் என்று தர்மராஜ் கேட்டதற்கு ஆபிரகாம் சம்மதித்தார். ஆனால் எழுத்தில் கேட்டார். பிள்ளையிடம் மருந்து இருப்பதற்குத் தானே பொறுப்பு என்று தர்மராஜ் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய அதிகாரத்தில் அப்படி ஒரு கையெழுத்து கிடையாது. ஏதாவது ஆனால் வேலைக்கே உலை. பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். போட்டார். எண்கள் ஒட்டிய நாலு மருந்தும் நாலு பைகளுக்குப் போயின. காசியம்மாளிடம் இதைச் சொல்லப் பயந்து இரண்டு வாரம் கடைத்தெரு வழியாகவே போகவில்லை.

மார்ச் மாதம் ஒரு மாலை, புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில் எட்டாம் வகுப்புப் பெண்கள் நின்றிருந்தார்கள். பிரபா உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

"சார், நேத்து இவளுக்கு வந்துடுச்சி" என்றாள் தனகோடி, யார் வீட்டுக்கோ விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல.

"அப்புறம்?" என்றார் தர்மராஜ்.

"அப்புறம் இன்னா, நாங்களே பாத்துக்கினோம். உக்கார வெச்சோம், பாட்டில வெச்சோம், அடிச்சோம்."

"எத்தினி தடவ?"

"நாலு."

"ரெண்டுதான்டி" என்றாள் இன்னொருத்தி.

"நாலு. நான்தான அமுக்கனேன்?"

"நீ ரெண்டு அமுக்கன. ரெண்டு காத்துல பூட்சி."

"குலுக்கினீங்களா?" என்றார் தர்மராஜ்.

"இவ கிலுகிலுப்ப மாதிரி ஆட்டுனா சார்" என்றாள் பிரபா மாங்காயை மென்றபடி, "ஆனா எல்லாம் அடிச்சி முடிச்சப்பறம்."

பிள்ளை முன்னால் நிற்கிறது, மாங்காய் தின்கிறது. முறை ஒன்றும் சரியில்லை. இதற்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? செங்கல்பட்டு பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "சார், ஏறலியா?" என்றார். தர்மராஜ் கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

"மருந்த எடு. யார் யார் அமுக்குவீங்களோ எல்லாரும் மறுபடி செஞ்சிக் காட்டுங்க."

நடுத்தெருவில், டீக்கடைக்காரரும் ஷேர் ஆட்டோக்காரர்களும் பார்க்க, பிரபா பையிலிருந்து மருந்தை எடுத்தாள். அப்போது காசியம்மாள் கூடையோடு வருவதைத் தர்மராஜ் பார்த்துவிட்டார். குலுக்கச் சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் கிட்டே வந்து, மகளின் கையில் இருந்ததையும், சுற்றி நின்ற பெண்களையும், அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட?" என்றாள். கூடையைத் தரையில் இறக்கினாள். "மொதல்லேர்ந்து சொல்லு. எனக்கும் கேக்கணும்."

எது முதல் என்று தர்மராஜுக்குச் சட்டென்று வரவில்லை. பிறகு, அந்தத் தெருவுக்கே கேட்கும்படி, "மொதல்ல உக்கார வெய்யணும்" என்றார்.